மருந்து ரூமில் ஸ்டாப்வாட்ச்

எம்.காம். படித்தால் என்ன தெரிந்துகொள்ளலாம் என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கணக்கு தெரியும். கம்பெனிச் சட்டம், வருமான வரி, பேங்கிங், இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். வேலைக்காரனுக்குக் கூலி எப்படிக் கொடுப்பது என்றும் சொல்லித் தருவார்கள். அந்தக் கடைசிப் பாடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது.

அறுபதுகளின் நடுவில் மதுரையில் படித்தேன். ஊர் தாயில்பட்டிக்குப் பக்கம். அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. என் ஆஸ்டல் பணம் அக்காவிடமிருந்து வந்தது. அவள் பட்டாசு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். லேபிள் ஒட்டுகிற வேலை என்று வீட்டில் சொன்னார்கள். பசையும் காகிதமும்தானே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

தொழில் நிர்வாகம் என்று எங்களுக்கு ஒரு பாடம். அதை எடுத்தவர் பாளையங்கோட்டைக்காரர். வகுப்பு தொடங்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் செய்வார். கெட்ட மனுஷன் இல்லை. அவர் ஒரு கூலி முறையை விளக்கினார். யாரோ ஒரு அமெரிக்க இன்ஜினியர் கண்டுபிடித்ததாம். நல்ல வேலைக்காரன் ஒருவனை நிறுத்தி, ஒரு உருப்படி செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் அளவு. அளவைத் தாண்டியவனுக்கு எல்லா உருப்படிக்கும் கூடுதல் ரேட். தாண்டாதவனுக்கு எல்லா உருப்படிக்கும் குறைந்த ரேட். மந்தமானவன் தானாக ஓடிவிடுவான் என்றார். நாங்கள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டோம்.

இரண்டாம் வருஷம் எங்களைத் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப் போனார்கள். எம்.காம். வகுப்புக்கு அது வழக்கம். பஞ்சாலைக்குப் போவார்கள், இல்லை சிவகாசிப் பக்கம் வருவார்கள். சார் கல்லூரி விளையாட்டுப் பிரிவிலிருந்து ஸ்டாப்வாட்ச் இரவல் வாங்கி வந்திருந்தார். ஓட்டப்பந்தயத்துக்கு வைத்திருக்கிற வாட்ச். பஸ் சாத்தூரைத் தாண்டிய பிறகுதான் அக்கா வேலை செய்கிற ஆபீசுக்கே போகிறோம் என்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷம். லேபிள் ஷெட்டில் அவளைக் கூட்டாளிகளுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன்.

மேனேஜர் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். லேபிள் ஷெட்டில் வரிசை வரிசையாகப் பெண்கள். அக்கா இல்லை. எங்கள் தெருக்கார அம்மா ஒருத்தி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா இன்றைக்கு லீவு போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வெடிமருந்து அடைக்கிற மருந்து ரூமுக்குப் போனோம். அவை தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்கட்டும் என்று அப்படிக் கட்டுவார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே நாலு பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காகிதக் குழல்களில் மருந்தைப் போட்டு மரக்குச்சியால் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் தகரப் போர்டு: மெதுவாக வேலை செய்யவும். அவர்கள் முகமெல்லாம் அலுமினியப் பொடி. புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளி பூசின மாதிரி மின்னியது. ஒருத்தி தோளைத் தூக்கிக் கன்னத்தைத் துடைத்தாள். அந்தத் துடைப்பில்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. என் அக்கா.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். பேசாதே என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தாள்.

"இந்தப் பொண்ணு கைதான் சார் எங்க ஆபீசுலயே வேகமான கை" என்றார் மேனேஜர், அவளைக் காட்டி.

"வெரி குட். அப்ப இவங்களை வச்சே பார்த்துடுவோம்" என்று சார் என் பக்கம் திரும்பினார். "நீ இந்தப் பக்கத்துப் பையன்தானே? நீயே வாட்சைப் பிடி."

வாட்சை என் கையில் திணித்தார். "ஸ்டார்ட்" என்றார். கட்டைவிரல் தானாக அழுத்தியது. தம்பி பார்க்கிறான், அவன் கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்று அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது போல. அள்ளுகிறாள், போடுகிறாள், இடிக்கிறாள். கை கண்ணுக்கே தெரியவில்லை. அந்த மருந்து உரசினால் பற்றும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். நான் அந்தக் குச்சியையே பார்த்தேன். சார் நேரத்தைக் கேட்டபோது வாட்சை நிறுத்தி அவரிடமே நீட்டினேன். அவர் வாட்சை வாங்கிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். பையன்களும் தட்டினார்கள்.

அப்புறம் கலர் சோடாவும் சாத்தூர்ச் சேவும் கொடுத்தார்கள். சார் நன்றி சொல்லி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். அந்த அமெரிக்கக்காரன் முறையை மேனேஜருக்கு விளக்கினார். மேனேஜர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன், "ஏலே, அந்தப் பொம்பளை கையப் பாத்தியாலே, மெஷினுல்ல" என்றான்.

"அது எங்க அக்காலே."

"சும்மா கத விடாத" என்று சிரித்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

முன் சீட்டிலிருந்து சார் திரும்பினார். "உன் அக்காவா? அப்ப நீ பெருமைப்படணும் தம்பி" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பரீட்சை இருந்ததால் உடனே ஊருக்குப் போக முடியவில்லை. அடுத்த மாதம்தான் போனேன். அக்கா குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"வாலே ஸ்டாப்வாட்சு" என்று சிரித்தாள்.

"லேபிளுன்னு சொன்னீல்ல?"

"லேபிள் ஒட்டுனா உன் ஆஸ்டலுக்கு எவன்லே கட்டுவான்? லேபிளா கட்டும்?"

"கத்தாதீக. அடுத்த வீட்டுல கேக்கும்" என்றாள் அம்மா.

"ஒனக்கும் தெரியுமாம்மா?"

"தெரியாமயா? தெனமும் அந்தப் பொடி போக இவளுக்குச் சீயக்கா தேச்சு விடுறது யாருன்னு நெனச்ச?"

நான் வருகிற நாளில் எல்லாம் எனக்கு முன்னால் தேய்த்துக் குளித்துவிடுவாளாம். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் படிக்க வைத்திருக்கிறார்கள். எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.

"எதுக்குலே குதிக்க? இப்பத்தான் நல்ல காலம் வந்துருக்கு" என்றாள் அக்கா. "ஒங்க சாரு நல்லாருக்கணும். அவுக வந்துட்டுப் போன மறுவாரமே மருந்து ரூமுக்குப் புது ரேட்டு. அன்னைக்கு நீ வாட்சுல பாத்தீல்ல, அதுதான் அளவு. தாண்டிட்டா எல்லாத்துக்கும் கூட. தாண்டலைன்னா எல்லாத்துக்கும் கம்மி. நான் தெனமும் தாண்டிருதேன்."

"மத்தவங்க?"

"அடிச்சுப் பிடிச்சு வாராளுக. என் பக்கத்துல இருக்கா பாரு, புள்ளத்தாச்சி, அவளுக்குத்தான் முடியல. சோறு திங்கக்கூட எந்திரிக்காம இடிக்கா."

வகுப்பில் நான் தலையாட்டி எழுதின பாடம். அதை என் அக்கா வாயாலேயே திருப்பிச் சொல்கிறாள், அதுவும் சந்தோஷமாக. பிடரியில் அடி வாங்கினவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் வேகமாக இடித்து வெடித்துச் சிதறுவதற்கு நான்தான் வாட்ச் பிடித்திருக்கிறேன் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மண்டையில் ஓடியது.

மறுநாள் காலையில் நேராக மேனேஜரிடம் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை.

"வாங்க தம்பி. நல்லாருக்கீகளா? ஒங்க சார் சொன்ன ஐடியா அம்புட்டும் சரியா வருது. உருப்படி கூடிருச்சு" என்றார்.

"அண்ணாச்சி, மருந்து ரூமுல அந்த ரேட்டு வேண்டாம். எடுத்துருங்க. உள்ள எங்க அக்கா இருக்கா."

"அங்கன இருக்கவ எல்லாம் எவனுக்காவது அக்காதான தம்பி. நான் யாரையும் கையப் புடிச்சு இழுத்துட்டு வரல."

"வேகமா இடிச்சா பத்திக்கிரும் அண்ணாச்சி. ஒரு புள்ளத்தாச்சியும் உள்ள இருக்கா."

"கடவுள் இருக்காரு" என்று பேப்பரை விரித்தார்.

எனக்கு வெறி வந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினேன். "பத்துனா ஒங்க லைசென்ஸ நிறுத்துவாங்க. தீபாவளி சீசன் பூரா போச்சு. ஆர்டர் குடுத்தவன் லோடு வரலைன்னு அட்வான்ஸத் திருப்பிக் கேப்பான். இன்சூரன்ஸ்காரன் வந்து பாப்பான். சுவத்துல மெதுவா செய்யின்னு போர்டு, சம்பளத்துல வேகமா செய்யின்னு ரேட்டு. இத வச்சே ஒங்களுக்குக் கைய விரிச்சிருவான்."

மேனேஜர் பேப்பரை மடித்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான தம்பி?" என்றார்.

போர்மேனைக் கூப்பிட்டார். மருந்து ரூமுக்கு இனிமேல் நாள் கூலிதான், உருப்படிக் கணக்கு கிடையாது என்று சொல்லிவிட்டார். எனக்குக் கலர் வாங்கி வரச் சொன்னார். நான் குடிக்கவில்லை. அக்கா, புள்ளத்தாச்சி என்று சொன்னபோது அசையாத ஆள் லைசென்ஸ் என்றதும் பதறுகிறான். அவனை அசைத்த வார்த்தைகள் எல்லாம் எம்.காம். புத்தகத்தில் இருந்தவை. அவளை வேகமாக இடிக்க வைத்ததும் அதே புத்தகம்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தாள். முகத்தில் பொடி அப்படியே இருந்தது. மறைக்க வேண்டியது இனி என்ன இருக்கிறது?

"படிக்க அனுப்புனா வயித்துல அடிக்கியாலே?" என்றாள். "ரூமுல மத்தவளுக எல்லாம் என்னையத்தான் காறித் துப்புறாளுக. ஒன் தம்பி தொர வந்து கெடுத்துட்டான்னு."

"செத்துப்போவக்கா."

"செத்தா நான்ல சாவேன்? ஒன்னையவா கூப்ட்டேன்?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஆஸ்டல் பணம் பாதிதான் வந்தது. மீதிக்கு மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சாயங்காலம் கணக்கு எழுதினேன். பரீட்சையில் அந்தக் கூலி முறையின் நன்மைகளைக் கேட்டார்கள். நன்மை ஒன்றும் இல்லை, மருந்து ரூமில் கொண்டுபோய் வைத்தால் ஆளைக் கொல்லும் என்று எழுதினேன். அந்தப் பேப்பரில்தான் எனக்கு மார்க் குறைந்தது. சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த வருஷத்துப் பையன்களைப் பஞ்சாலைக்குக் கூட்டிப் போகிறேன் என்றார்.

அக்காவுக்கு அச்சங்குளத்தில் கல்யாணம் ஆனது. அதற்கப்புறம்தான் மறுபடி பேச ஆரம்பித்தாள். இன்றும் நான் அவள் வீட்டுக்குப் போனால் சோறு போட்டுவிட்டு, இரண்டு கையையும் என் முன்னால் நீட்டுவாள்.

"அன்னைக்கு நீ மட்டும் சும்மா இருந்திருந்தா இந்தக் கைக்கு ரெண்டு சோடி வளையல் எடுத்துருப்பேன். வெறுங்கையாப் போச்சு பாரு" என்பாள்.

நான் பார்ப்பேன். பத்து விரலும் இருக்கும். அதைச் சொன்னால் இன்னும் கோபம் வரும் அவளுக்கு. நான் சொல்வதில்லை, சாப்பிடுகிறேன்.