அக்காவுக்கு வாங்கிய செருப்பு

என் அக்கா செருப்புப் போடுவதில்லை. இதைச் சொன்னதும் உங்கள் கண் கீழே இறங்கியிருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். முகத்தைப் பார்த்து மரியாதையாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் பார்வை நழுவிக் கால் பக்கம் போகும். அதன் பிறகு குரலே வேறாகிவிடும். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைப்பார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு வாய் நீண்டுவிட்டது. அக்காவுக்கு நீளவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அடுத்தடுத்த மெஷின். அவள் சட்டைக்குக் காலர் தைப்பாள், நான் பட்டன் பட்டி. தைக்கும் கூடத்துக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. வெட்டிய துணி தரையெல்லாம் கிடக்கும், அழுக்குப் பட்டால் போச்சு. வாசலில் இருக்கும் இரும்புத் தட்டில் எல்லாரும் கழற்றிப் போட்டுவிட்டுப் போவோம். பெடலையும் வெறுங்காலால் மிதித்தால்தான் பிடி கிடைக்கும். செருப்போடு மிதித்தால் ஒன்று மெஷின் பாயும், இல்லையென்றால் நிற்கும்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அக்காவின் செருப்பைக் காணோம். யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அந்த மகராசியை வாயார வாழ்த்திக்கொண்டே வந்தேன். அக்கா வெறுங்காலோடு வீடு வரைக்கும் நடந்தாள். மழை பெய்து விட்டிருந்தது, சாலையோர மண் குளிர்ந்து கிடந்தது. வீட்டு வாசலில் நின்று கால் விரல்களை ஒரு தடவை விரித்துப் பார்த்தாள்.

“நல்லாத்தாண்டி இருக்கு” என்றாள்.

அவ்வளவுதான் கதை. மறுபடி செருப்பு வாங்கவே இல்லை. ஆனால் இது யாருக்கும் போதவில்லை. ஒரு பெண் தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றைச் செய்கிறாள் என்பதை இந்த ஊர் ஒப்புக்கொள்ளாது. ஏதாவது வேண்டுதலா என்றார்கள். புருஷன் செத்ததிலிருந்து மூளை கலங்கிவிட்டது என்றார்கள். அத்தான் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது, மூளை அவ்வளவு தாமதமாகவா கலங்கும்? கால் முழுக்கச் சொறி என்று கம்பெனியிலேயே ஒருத்தி கண், காது, மூக்கு வைத்துப் பரப்பினாள். அக்காவின் பாதம் தட்டு மாதிரி சுத்தமாக இருக்கும். பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்து அம்மாள் ஒருத்தி உண்டு. அக்கா படியேறிப் போனதும் ஈரத்துணியோடு வந்து அவள் மிதித்த படிகளை மட்டும் துடைப்பாள். அக்கா காது கேட்கும் தூரத்தில் இருக்கும்போதே தொடங்கிவிடுவாள்.

“தெருவுல எதெதையோ மிதிச்சிட்டு அப்படியே வந்து ஏறுறது. கூச்சமே கிடையாது.”

“உங்க செருப்பு மட்டும் தெருவுல பறந்தா வந்துச்சு?” என்று நான் மேலே நின்று கேட்பேன்.

“நான் உங்கிட்ட பேசலை.”

“நான் உங்க செருப்புகிட்டதான் பேசறேன்.”

அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். “விடுடி. அவங்களுக்கும் பொழுது போகணும்ல” என்பாள். அவளுக்கு உண்மையிலேயே கோபம் வராது. எனக்கு வரும் கோபத்தில் பாதி அவள் மேல்தான்.

ஊர் பேசியது அவளைத் தொடவில்லை என்று சொன்னேன். தொட்டது ஒன்றே ஒன்று. அது அவள் வயிற்றில் பிறந்தது.

அக்காவின் மகள் ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். இஸ்திரி கலையாத சேலை, கட்டை குதி வைத்த செருப்பு, சிரித்த முகம். அந்த வேலைக்கு அது வேண்டும்தான், குறை சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் நானும் அக்காவும் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். நிறுத்தத்தில் அவள் தன்கூட வேலை பார்க்கும் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். அதில் ஒருத்தி அக்காவின் காலைப் பார்த்துவிட்டாள்.

“அங்க பாருங்கடி. பூப்போட்ட சேலை, கையில பை, காலுக்கு மட்டும் வக்கில்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள், அது தன் அம்மா என்று. சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஆனால் வாய் திறக்கவில்லை.

நான் அந்த இடத்திலேயே அவள் காதைத் திருகியிருப்பேன். அக்கா என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆட்களைக் கடந்து போவதுபோல அந்தப் பெண்களைக் கடந்து போனாள். மகளின் மானத்தைக் காப்பாற்றினாளாம். வீட்டில் அன்றைக்கும் அவளுக்குச் சூடாகச் சோறு எடுத்து வைத்தாள், அவளும் சாப்பிட்டாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசித் தீர்த்திருந்தால் தேவலை.

பிறகு மகளுக்குக் கல்யாணம் கூடியது. பையன் அதே ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவு, நல்ல பையன், ஆனால் எதற்கும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். அந்த அம்மா தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் நிற்பவர் வீட்டுப் பாடம் எழுதவில்லை என்று முடிவு செய்துவிட்டே பேச ஆரம்பிப்பார். இரண்டு குடும்பத்து உறவினர்களும் அறிமுகமாகிக்கொள்ள ஒரு ஹோட்டலில் பகல் விருந்து என்று ஏற்பாடானது.

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும்...”

“போட்டுக்கறேன்” என்றாள் அக்கா, அவள் முடிப்பதற்குள்.

“ஏண்டி, கல்யாணம் உனக்கா, உங்கம்மா காலுக்கா?” என்றேன் நான்.

“சித்தி, நீங்க சும்மா இருங்க. அவங்கம்மா எப்படிப்பட்டவங்கன்னு உங்களுக்குத் தெரியாது. பார்த்தாங்கன்னா கல்யாணமே நின்னுடும்.”

அவள் போன பிறகு அக்காவைப் பிடித்து உலுக்கினேன். இத்தனை வருஷம் ஊரே பேசியும் அசையாதவள் இவளுக்காக ஏன் வளைகிறாய் என்று கேட்டேன். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னாள்.

“அந்த பஸ் ஸ்டாப்புல அவ என்னைத் தெரியாத மாதிரி நின்னாள்ல. அந்த ஹால்ல எல்லார் முன்னாடியும் ‘இவங்க எங்கம்மா’ன்னு ஒரு தடவை அவ வாயால சொல்லிட்டாப் போதும்டி. அதுக்காகக் கால்ல இரும்பைக் கட்டச் சொன்னாலும் கட்டிக்குவேன்.”



செருப்பு வாங்கப் பெரிய கடையாகப் பார்த்துப் போனோம். கண்ணாடிக் கதவருகே நின்ற காவலாளி அக்காவைக் கை நீட்டித் தடுத்தார்.

“செருப்பில்லாம உள்ள விடக் கூடாது.”

“செருப்பு வாங்கத்தான் வந்திருக்கோம்” என்றேன்.

“அதெல்லாம் சரி. போட்டுக்கிட்டு வாங்க, வாங்கலாம்.”

“இருந்தா எதுக்குய்யா வாங்க வரப்போறோம்?”

“எங்கிட்ட ஏன் கத்தறீங்க? உள்ள கண்ணாடி கிண்ணாடி உடைஞ்சு கால்ல குத்தினா யாரு பதில் சொல்றது?”

உள்ளே செருப்பு வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு காலில் வெறும் பாதத்தோடு கண்ணாடி முன்னால் நொண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காட்டினேன். “அவங்க போட்டுக்கிட்டு வந்தவங்க” என்றார் அவர். தலையை எங்கே முட்டிக்கொள்வது? அக்கா, “வா போலாம், அவர் வேலை அது” என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். மறுநாள் கம்பெனியில், மாதிரி வெட்டும் பழுப்புக் காகிதத்தின் மேல் ஏறி நின்று, தன் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். கத்தரியால் வெட்டி என்னிடம் கொடுத்தாள். நான் தனியாகப் போய்க் கடைப் பையனிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். அவன் ஒவ்வொரு செருப்பின் மேலும் அதை விரித்து வைத்துப் பார்த்துச் சரியான ஒன்றை எடுத்தான். கறுப்பு, பின்வார் இல்லாதது, மேலே சின்னதாக ஒரு பித்தளைப் பூ. “கொஞ்சம் தாராளமாவே இருக்கட்டும்ப்பா, பிடிக்கக் கூடாது” என்று நான் அடுத்த அளவை எடுக்கச் சொன்னேன்.

வீட்டில் அக்கா போட்டாள். படகில் ஏறி நின்றதுபோல இருந்தது.

அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அக்கா பென்சில் கோட்டின் மேல் வெட்டவில்லை. கோட்டுக்கு வெளியே, சுற்றிலும், தையலுக்கு ஓரத்துணி விடுவதுபோல இடம் விட்டு வெட்டியிருந்தாள். இத்தனை வருஷம் எதை வெட்டினாலும் அப்படித்தானே வெட்டிப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. அவள் விட்டது போதாதென்று நான் என் பங்குக்கு விட்டிருந்தேன். இரண்டு தையல்காரிகள் சேர்ந்து ஒரு செருப்பு வாங்கினால் இப்படித்தான். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியாக நாங்கள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடையில் மாற்றித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். “முன்னாடி கொஞ்சம் வெட்டுத்துணி திணிச்சா நிக்கும்” என்றாள் அக்கா. மகள் செருப்பைப் பார்த்தாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அந்தச் செருப்பைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது.

விருந்து நாளில் அக்கா தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் குதிகாலில் ‘டப்’ என்று ஓர் அடி விழுந்தது. நான் பக்கத்திலேயே கையைக் கொடுத்துக்கொண்டு போனேன். சம்பந்தியம்மா எங்களைப் பார்த்தவுடன் வணக்கம் சொன்னார். கண் நேராகக் கீழே இறங்கியது. பித்தளைப் பூவைப் பார்த்து, “பரவாயில்லையே” என்றார். எதுவோ அவர் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது.

ஹாலின் ஒரு பக்கம் இரண்டு படி உயரத்துக்கு மேடை. அங்கே அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வாம்மா” என்று மெதுவாகச் சொன்னாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வந்துவிட்டது, இதோ சொல்லப் போகிறாள் என்று.

இருவரும் படியேறி மேடையில் நின்றார்கள். பேச்சு அடங்கியது. மகள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“எல்லாருக்கும் வணக்கம். இவங்கதான் எங்க...”

எல்லாரும் பார்த்ததும் அக்கா கும்பிட்டபடி ஓர் அடி முன்னால் வைத்தாள். கால் நின்றது, செருப்பு நிற்கவில்லை. அது வழுக்கிக்கொண்டு போய் மேடை விளிம்பில் தடுக்கி, படியில் ஒரு தடவை விழுந்து, புரண்டு, கீழே நின்ற சம்பந்தியம்மாவின் காலடியில் போய் நின்றது. உள்ளேயிருந்து நீலமும் வெள்ளையுமாக வெட்டுத்துணி பிதுங்கி விழுந்தது.

ஒரு குழந்தைதான் முதலில் சிரித்தது. அப்புறம் யாரும் அடக்கவில்லை. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

“பழக்கமில்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே. எதுக்கு இந்த வேஷம்?” என்றார், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். பாதியில் நிற்கும் அந்த வாக்கியத்தை அவள் முடிப்பாள் என்று காத்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. மகள் அக்காவின் கையை விட்டாள். விட்டுவிட்டுத் தன் சேலை மடிப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா இன்னொரு செருப்பையும் கழற்றினாள். மேடையிலிருந்து இறங்கி, சிதறிய துணியைப் பொறுக்கி உள்ளே வைத்து, இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து மகள் முன்பு உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் வைத்தாள். பிறகு ஹாலில் விரித்திருந்த சிவப்பு விரிப்பின் மேல் நடந்து வெளியே போனாள். அன்றைக்கு அவள் ஒழுங்காக நடந்தது அப்போதுதான்.

ஹோட்டல் வாசல் படிகளில் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் குதிச் செருப்பு ஓடிவரும் சத்தம் கேட்டது. மகள். கையில் அந்த ஜோடி.

“செருப்பு!” என்று கூப்பிட்டாள். “செருப்பு!”

அக்கா நின்றாள். திரும்பினாள். மகளுக்குப் பின்னாலேயே சம்பந்தியம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் கண்ணாடிக் கதவருகே வந்து நின்றார்கள். மகள் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். உதடு அசைந்ததுபோல இருந்தது. அக்கா ஒரு படி மேலே ஏறினாள், கேட்பதற்கு வசதியாக.

மகள் செருப்பைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெயில் கொளுத்தியது. அக்கா ஏறிய படியிலிருந்து இறங்கினாள். காரின் கதவைத் திறந்துவிடும் ஆள் இந்தப் பக்கம் வந்தான். படியில் கிடந்த செருப்பையும் எங்களையும் பார்த்தான். வழியில் கிடக்கக் கூடாதே என்று குனிந்து எடுத்தான்.

“யாரோடதும்மா இது? உங்களோடதா?”

“தெரியலையேப்பா” என்றாள் என் அக்கா.