ஆணியில் தொங்கிய வளையல்கள்

விஞ்ஞானம் மனிதனைக் கெடுத்துவிட்டது என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் அந்த இடத்தில் உட்காருவதில்லை. விஞ்ஞானம்தான் இருக்கிறதே, இனி மனிதனுக்கு என்ன குறை என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. இதனால் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். இருக்கட்டும். நான் இரண்டு கட்சியிலும் சேராமல் போனதற்குக் காரணம் என் ஆத்தாவின் கண்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என்னைப் பெற்றவளை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா திருமயத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் புதுக்கோட்டையில் தங்கி காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுக்கு வீட்டுக்கு வருவேன். ஆத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, வெளிச்சம் எது இருட்டு எது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாமல் போயிருந்தது. என் அக்காவைக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் ரங்கூனில் ஒரு லேவாதேவிக் கடையில் வேலை பார்த்தார். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் கப்பலேறிய மனிதர், ரங்கூனில் ஆகாய விமானம் போட்ட குண்டில் செத்துப் போனார். காட்டு வழியாக நடந்து தப்பி வந்த ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆகாய விமானம் எப்படி மேலே எழும்புகிறது என்பதை அந்த வருஷம்தான் காலேஜில் நடத்தினார்கள். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. படம் போட்டு எழுதிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன்.

அத்தானின் காரியமெல்லாம் அக்காவின் புகுந்த ஊரிலேயே நடந்தது. அங்கேதான் அவள் வளையலை உடைத்தார்கள், தாலியை வாங்கினார்கள், வெள்ளைச் சீலையைக் கொடுத்தார்கள். கடைச் சரக்கு வாங்கப் போவதாக ஆத்தாவிடம் சொல்லிவிட்டு அய்யாவும் நானும் போனோம். திரும்பி வரும்போது அய்யா, "ஒங்க ஆத்தாளுக்குச் சொல்ல வேணாம்ப்பா. கண்ணும் போயி, இதயும் கேட்டா ஆளு தங்க மாட்டா" என்றார். அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது.

சில நாளில் அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். புகுந்த வீட்டில் அவளுக்கு இனி என்ன இருக்கிறது? வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. ஆத்தாவுக்கு ஆட்களைத் தெரிவது சத்தத்தால்தான். அய்யாவைச் செருப்பால், என்னை இருமலால், அக்காவை வளையலால். வளையல் சத்தமில்லாத மகளை அவள் எப்படி நம்புவாள்?

அய்யா கடைவீதிக்குப் போய் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். வளையல் வாங்கப் போனால் பொம்பளைகள் கையை நீட்டுவார்கள், வளையல்காரர் பிடித்துப் பார்த்து அளவு எடுத்துப் போட்டுவிடுவார். புருஷன் இல்லாதவள் அங்கே போய்க் கை நீட்ட முடியாது. அதனால் அய்யா குத்துமதிப்பாக வாங்கிவந்தார். அது அக்காவுக்கு ரொம்பப் பெரிசு. கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் ஓடும், இறக்கினால் மணிக்கட்டில் வந்து மோதும். ஒரு விதத்தில் அதுவும் தோதாகப் போயிற்று. ஆத்தாவின் அறைக்கு வெளியே சுவரில் ஓர் ஆணி இருந்தது. உள்ளே போகும்போது அக்கா வளையலை எடுத்துப் போட்டுக்கொள்வாள். வெளியே வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள்.

"என்னடி, எளைச்சுப் போயிட்டியா? வளையலு முழங்கை வரைக்கும் ஓடுற சத்தம் கேக்குது" என்பாள் ஆத்தா.

"வேலை ஜாஸ்தி ஆத்தா."

"மாப்பிள்ளைட்ட இருந்து தபால் வந்துச்சா?"

"யுத்தம் நடக்குதுல்ல. கப்பலே ஓடலையாம் ஆத்தா."

தெருவே சேர்ந்து இந்தப் பொய்யைக் காப்பாற்றியது. பார்க்க வருகிறவர்கள் நல்லெண்ணெய் கிடைக்காததைப் பற்றிப் பேசுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், போய்விடுவார்கள். வாசலைத் தாண்டிய பிறகு மூக்கைச் சிந்துவார்கள். அக்கா மட்டும் ஒரு நாளும் எங்கள் முன்னால் அழுததில்லை.

இந்த நிலையில்தான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கண் டாக்டர் வந்திருக்கிறார், புரையை எடுத்துப் பார்வை கொடுக்கிறார் என்ற செய்தி வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லென்ஸைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். ஓடிப்போய் டாக்டரைப் பார்த்தேன். கூட்டி வாருங்கள், நிச்சயம் தெரியும் என்றார். ஊருக்கு வந்து ஆத்தாவுக்கு விளக்கினேன்.

"கண்ணுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கு ஆத்தா. அது கலங்கிப் போச்சு. அத எடுத்துட்டு வெளியில ஒரு கண்ணாடி மாட்டணும். அவ்வளவுதான்."

"உள்ள கெடக்குறத எடுத்து வெளிய மாட்டுறதுக்கா ஒங்கய்யா ஒன்னயக் காலேசுல போட்டாரு?" என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நெசமாத் தெரியுமாப்பா? எம்மக மொகத்தப் பாத்து எம்புட்டு நாளாச்சு. மாப்பிள்ளை வரயில ரெண்டு பேத்தையும் சேத்துவச்சுப் பாத்துப்புடுவேன்" என்றாள்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என் கண் பொட்டில்லாத அவள் நெற்றிக்குப் போயிற்று. அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

அய்யா அன்றைக்கே மாட்டேன் என்றுவிட்டார். "வேணாம்ப்பா. இப்புடியே இருந்துட்டுப் போகட்டும். பாத்தா இவளத்தான் மொதல்ல பாப்பா." அக்காதான் விடவில்லை. "நான் தாலியறுத்தது தெரியக்கூடாதுன்னு ஆத்தா காலம் பூராவும் குருடா இருக்கணுமாய்யா? என்னால அந்தப் பாவத்தையும் சேத்துச் சொமக்க முடியாதுங்க" என்றாள். அய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஆத்தாவைக் கூட்டிப்போனோம். ஆப்பரேஷன் ஆனதும் கண்ணைக் கட்டி, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் பைகளை வைத்துப் படுக்கப் போட்டார்கள். இருமக்கூடாது, தும்மக்கூடாது, அழக்கூடாது. அக்காதான் கூட இருந்து ஊட்டிவிட்டாள். அங்கே சுவரில் ஆணி இல்லை. வளையலை முந்தானையில் முடிந்து வைத்திருந்து, கட்டிலுக்குக் கிட்டப் போகும்போது அவிழ்த்துப் போட்டுக்கொள்வாள். வெள்ளைச் சீலைக்காரி வளையலைப் போடுவதையும் கழற்றுவதையும் பார்த்த பக்கத்துக் கட்டில்காரி, "இதென்ன கூத்து, இன்னும் ஆச அடங்கலயாக்கும்" என்று காதில் விழும்படிச் சொன்னாள். அந்த அம்மாளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆத்தாவுக்குக் கேட்டுவிடும் என்ற பயம் அவளுக்கு.

கட்டு அவிழ்த்ததும் வெளிச்சமும் ஆட்களின் அசைவும் தெரிந்தன. கண்ணாடி வந்தால்தான் முகம் தெரியும் என்றார் டாக்டர். கண்ணாடி வருவதற்குச் சில வாரங்களாகும். அந்த வாரங்களில் நாங்களே சொல்லிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். முதலில் அய்யா சொல்வதாக இருந்தது. அறைக்குள் போனவர் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் அக்கா, "நானே சொல்லிப்புடுறேன்" என்று தினமும் வளையலைப் போட்டுக்கொண்டு உள்ளே போவாள். கொஞ்ச நேரத்தில் கப்பல் ஓடவில்லை என்று சொல்லும் குரல் கேட்கும். வெளியே வந்து வளையலை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கண்ணாடி போட மறுபடி புதுக்கோட்டைக்குக் கிளம்பிய அன்று வளையல் ஆணியிலேயே கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்து, "இன்னைக்கு வேணாம். பாக்கட்டும்" என்றாள்.

டாக்டர் ஆத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து, தடிமனான கண்ணாடியை மாட்டிவிட்டார். "என்னம்மா தெரியுது?" ஆத்தா அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினாள். சன்னலில் உட்கார்ந்திருந்த காக்காயைக் காட்டினாள். அய்யாவைப் பார்த்து, "என்னங்க, தலை இப்புடி நரைச்சுப் போச்சு" என்றாள். என்னைப் பார்த்து, "மீசையெல்லாம் வந்துருச்சே இவனுக்கு" என்றாள். டாக்டர் சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதை நான் இன்றைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்போது அக்கா உள்ளே வந்து ஆத்தாவின் எதிரில் நின்றாள். சத்தமே இல்லாமல் வந்தாள். ஆத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைச் சீலை, வெறும் கை, மெலிந்த உடம்பு. ஆஸ்பத்திரி ஆயா என்று நினைத்துவிட்டாள்.

"தாயி, எம்மக வெளிய நிப்பா. செத்த வரச் சொல்லுங்க" என்றாள்.

அக்கா, "ஆத்தா" என்றாள்.

குரலைக் கேட்டதும் ஆத்தாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ந்த முகத்தோடேயே திரும்பவும் அந்த நெற்றியையும் கழுத்தையும் கையையும் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி டாக்டர் கையில் கொடுத்துவிட்டாள். "கண்ணு கூசுதா?" என்று அவர் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது பாவம். ஆத்தா அழவில்லை. அழுதால் கண் கெட்டுவிடும் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம் ஆத்தா குருடியாக இருக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கினாள். மலைமேல் கோட்டை மதிலைப் பார்த்தாள். கடைக்கு வந்து அய்யா எடை போடுவதைக் குறை சொன்னாள். அக்கா எதிரில் வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஒருமுறை டாக்டரைப் பார்த்தபோது, "அம்மா கண்ணாடியை ஒழுங்காகப் போடுகிறார்களா?" என்று விசாரித்தார். ஓர் ஆளைப் பார்க்கும்போது மட்டும் கழற்றிவிடுகிறார்கள் என்றேன். அவர் யோசித்தார். "கிட்டத்தில் பார்க்கும்போதா, தூரத்திலா? வேண்டுமானால் பவரை மாற்றிப் பார்ப்போம்" என்றார். நல்ல மனிதர். அவரிடம் நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

யுத்தம் முடிந்தது. ரங்கூனுக்குக் கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் மத்தியானம், ஆத்தாவுக்குத் தலை சீவிவிட அக்கா சீப்போடு உள்ளே வந்தாள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆத்தா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த வளையலு எங்கடி?"

"எந்த வளையலு?"

"முழங்கை வரைக்கும் ஓடுமே. லொடலொடன்னு கெடக்குமே."

"ஆணியிலதான் கெடக்கு."

"அதப் போட்டுக்கிட்டு வா."

அக்கா தயங்கினாள். "ஊரு என்ன சொல்லும் ஆத்தா?"

"ஊருக்குத்தான் கண்ணு இருக்குல்ல, அது பாத்துட்டுப் போகுது. நான் மூடிக்கிர்றேன்" என்று ஆத்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா வெளியே போய் வளையலில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆத்தாவின் பின்னால் உட்கார்ந்து சீவ ஆரம்பித்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் வளையல் முழங்கைக்கு ஓடி மணிக்கட்டுக்குத் திரும்பியது. ஆத்தா கண்ணைத் திறக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பழைய குரலில், "மாப்பிள்ளைட்ட இருந்து தபால் வந்துச்சா?" என்றாள்.

சீப்பு நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்ல ஆத்தா. கப்பல் இன்னும் ஓடலையாம்" என்றாள் அக்கா.