சாலையில் கிடந்த மனிதரும் நான் கேட்ட துஆவும்

என் கணவர் ஒருவருக்கு உதவி செய்ய வண்டியை நிறுத்தித்தான் அடிபட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு வந்த சோதனை அவருடைய கை முறிந்ததோடு முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

என் பெயர் பல்கீஸ். தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவர் பெயர் காஜா. எங்களிடம் சொந்தமாக ஒரு வேன் இருக்கிறது. காலையில் நான் அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போவேன். ராத்திரியில் அவர் மணலி புதுநகர் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போய், ஷிப்ட் முடித்து வரும் பெண்களை வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று அவரவர் வீட்டில் கொண்டு விடுவார்.

போன வருஷம் மழை விட்ட சமயம். பெண்களை அழைத்துவரக் காலி வேனில் போய்க்கொண்டிருந்தார். மணலியைத் தாண்டினால் ஓர் இடத்தில் இரண்டு பக்கமும் சதுப்பும் கருவேல முள்ளும்தான். வீடு கிடையாது, கடை கிடையாது. அங்கே ஒரு மனிதன் ரோட்டில் குப்புறக் கிடந்து கையை ஆட்டியிருக்கிறான். இவர் இறங்கிப் போனார். அவன் "தண்ணி" என்று கேட்டிருக்கிறான். பாட்டிலை எடுத்துக்கொண்டு குனிந்தவருக்குப் பின்னாலிருந்து இரும்புக் கம்பியால் அடி விழுந்தது. பையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

வேன் வராததால் கம்பெனி ஆட்கள் தேடிப் போய், ரோட்டில் நின்ற வேனை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். உயிர் பிழைத்ததே அல்லாஹ்வின் கருணை. ஆனால் வலது கையில் பிடிமானம் போய்விட்டது. ஸ்டியரிங் பிடிக்க முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"அல்லாவுக்காகத்தான் நிறுத்துனேன் பல்கீசு. அவன் பேரச் சொல்லித்தான் எறங்குனேன். இன்னாத்துக்கு எனக்கு இப்டி?"

வீட்டுக்கு வந்த பிறகு அவர் தொழவில்லை. பாங்கு சத்தம் கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பேச்சும் குறைந்துவிட்டது. தூக்கத்தில் மட்டும் பேசுவார். "தண்ணி கேக்கறான், குடு... தண்ணி கேக்கறான்" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். உடம்புக் காயத்துக்கு மருந்து இருந்தது. இதற்கு என்ன செய்வது?

ராத்திரி வேனையும் நானே ஓட்ட ஆரம்பித்தேன். வேறு வழியில்லை. ராத்திரி கிளம்பும்போது அவர் வாசல் வரைக்கும் வந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்வார். "எவன் கெடந்தாலும் நிறுத்தாத. செத்துக் கெடந்தாலும் நிறுத்தாத." இரக்கப்பட்டே பழகிய மனிதர் அப்படிச் சொல்வதைக் கேட்க எனக்கு நெஞ்சு எரியும்.

அந்த ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தூரத்தில் ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் தீ எரிந்துகொண்டே இருக்கும். காற்று அடித்தால் அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம் ஆடும். அதோடு கருவேல மரங்களின் நிழலெல்லாம் ரோட்டின் குறுக்கே நடக்கிற மாதிரி இருக்கும். எது நிழல், எது ஆள் என்று தெரியாது. சில ராத்திரி கேஸ் வாடை மூக்கில் ஏறும். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் போவோம்.

முன் சீட்டில் என் பக்கத்தில் அமுலு உட்காருவாள். அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் வியாசர்பாடிப் பெண். அம்மன் பக்தை. தைரியசாலி. இடது பக்கத்தைப் பார்ப்பது அவள் வேலை. வலது பக்கம் என் வேலை. பின்னால் இருப்பவர்கள் அந்த இடம் தாண்டும்வரை தூங்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம்.

ஒரு ராத்திரி அங்கே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கண்ணாடி ஏற்றியிருந்தும் கேட்டது. என் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. அமுலு என் தொடையைப் பிடித்து அழுத்தினாள்.

"நல்லாக் கேளுக்கா. புள்ள மூச்சே வாங்காம அழுவுது. அழுது முட்சி, முதல்லேர்ந்து அதே மாதிரி அழுவுது. எவனோ போன்ல போட்டு வுட்டுகினு கீறான்."

கேட்டேன். உண்மைதான். அதே விக்கல், அதே இழுப்பு, திரும்பத் திரும்ப. புதருக்குள் குழந்தை இல்லை. குழந்தையின் சத்தத்தை வைத்துக்கொண்டு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வேகத்தைக் குறைக்காமல் வந்துவிட்டேன்.

அன்றைக்கு வீட்டில் தொழுதுவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதில் கிடந்தபடியே கேட்டேன். "யா அல்லாஹ், நிஜமாகவே ஒரு குழந்தை அழுதால் அப்போதும் நான் இப்படித்தான் தாண்டிப் போவேனா? அவரைப் போல நானும் இறுகிப்போய்விடுவேனா? எங்களுக்குப் பாதுகாப்பைக் கொடு. எங்கள் மனசையும் எடுத்துவிடாதே." வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. தினமும் அதையே துஆவாகக் கேட்டேன்.

ரமலான் முடிந்து கொஞ்ச நாளில் அந்த ராத்திரி வந்தது.

பெண்களை ஏற்றிக்கொண்டு மணலி நோக்கி வருகிறேன். முன்னால் போன ஒரு கார் திடீரென்று வளைந்து ஒதுங்கி, வேகமெடுத்துப் போய்விட்டது. எதற்காக வளைந்தது என்று பார்த்தேன். ரோட்டில் ஒரு மனிதர் கிடந்தார். ஒரு காலில்தான் செருப்பு. ஒரு கை மட்டும் மேலே எழுந்தது, விழுந்தது. மறுபடியும் எழுந்தது.

என் கணவர் சொன்ன அதே இடம். அதே கோலம்.

கொஞ்ச தூரம் விட்டே வேகத்தைக் குறைத்தேன். இன்ஜினை அணைக்கவில்லை. எல்லாக் கதவும் பூட்டியிருந்தது.

"நிறுத்தாதக்கா!" அமுலு கத்தினாள். "அண்ணனுக்கு நடந்தது மறந்துட்டியா? போ, போய்கினே இரு!"

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். "உசுரோட கீறாருக்கா. கை ஆடுது பாருக்கா. வுட்டுட்டுப் போனா பாவம்க்கா."

இரண்டு பேரும் சொன்னது நியாயம். வாய்விட்டே கேட்டேன். "யா அல்லாஹ், இது மனுசனா, வலையா? நீதான் காட்டணும்."

அப்போதுதான் நாய்களைப் பார்த்தேன். ரோட்டு ஓரத்தில் தெருநாய்கள் நின்றன. கிடந்த மனிதருக்குப் பக்கத்திலேயே நின்றன. ஆனால் ஒன்றுகூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாம் இடது பக்கத்துப் புதரையே பார்த்துக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு, குரைக்காமல் உறுமிக்கொண்டிருந்தன. சும்மா இருக்கிற புதரை எந்த நாயும் அப்படிப் பார்க்காது.

ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்து, ஹைபீம் போட்டு வெளிச்சத்தைப் புதர் மேல் அடித்தேன். உள்ளே பைக் கண்ணாடி ஒன்று மின்னியது. பக்கத்தில் ஒரு முகம் சட்டென்று கீழே குனிந்தது.

வலை என்று தெரிந்துவிட்டது. ஆனால் நாய்கள் அந்த மனிதரை விட்டு நகரவில்லையே! அவர் அவர்களில் ஒருவராக இருந்தால் அவரைப் பார்த்தும்தானே உறுமியிருக்கும்? இதை நான் அப்போது யோசித்தேனா, அல்லாஹ் என் நெஞ்சில் போட்டானா என்று கேட்டால், போட்டான் என்றுதான் சொல்வேன். மனிதர் நிஜம். வலையும் நிஜம்.

"எல்லாரும் குனிங்க" என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அவர் மேல் படாமல் வலது பக்கமாக வளைத்தேன். அவரைத் தாண்டும் நேரத்தில் அமுலு பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கச் சொன்னேன். அவர் முகம் தெரிந்தது. நெற்றியெல்லாம் ரத்தம். கண் என்னையே பார்த்தது. அந்தக் கண்ணைத் தாண்டிப் போவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"வரேன்!" என்று கத்தினேன். "ஆளுங்கள இட்டுகினு வரேன்! கண்ண மூடாதீங்க!"

ஒரு கல் வந்து விழுந்து பின் கண்ணாடி தூளாகிவிட்டது. குனிந்திருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மணலியில் டேங்கர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடம் வரைக்கும் நான் பிரேக்கைத் தொடவில்லை. அமுலு வழியிலேயே போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் போட்டு இடத்தைச் சொல்லிவிட்டாள். அவர்கள் வர நேரமாகும். அதற்குள் புதரில் இருப்பவர்கள் அவரை என்ன செய்வார்களோ! லாரிகளுக்கு நடுவே டிரைவர்கள் ஸ்டவ்வில் ஏதோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். புர்கா போட்ட ஒரு பொம்பளை, உடைந்த கண்ணாடியோடு வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்ததைப் பார்த்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். செல்வம் என்று ஒருவர், நாமக்கல் பக்கத்துக்காரர், முன்னால் வந்தார்.

"என்னாச்சுங்கக்கா?"

சொன்னேன். முழுதாக முடிக்கக்கூட இல்லை. அவர் திரும்பி, "டேய், வண்டிய எடுங்கடா!" என்றார். யார், என்ன, எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்களை டீக்கடை வெளிச்சத்தில் இறக்கி விட்டேன். அமுலு மட்டும் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நான் நடுவில், முன்னாலும் பின்னாலும் டேங்கர்கள். ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல், எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு போனோம். அந்தச் சதுப்பு பகல் மாதிரி ஆகிவிட்டது. பைக்குகள் முள்ளுக்குள் புகுந்து ஓடும் சத்தம் கேட்டது. அவர் அங்கேயே கிடந்தார். செல்வம் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "உசுரு இருக்குதுங்க!" என்றார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போலீசும் ஆம்புலன்சும் அடுத்தடுத்து வந்தன. புதரில் இருந்தவர்களில் சிலரைப் பிடித்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு அந்த மனிதரைப் பார்க்கப் போனேன். கணவரையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அடிபட்டவர் கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவராம். பெயர் தயாளன். எண்ணூர்க்காரர். வேலை முடிந்து சைக்கிளில் வந்தவரை அடித்து, இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, ரோட்டில் போட்டிருக்கிறார்கள்.

"புதர்லேர்ந்து சொல்லிகினே இருந்தானுங்க" என்றார் அவர். "வண்டி வந்தா கைய ஆட்டுடா, ஆட்டலேன்னா தலைல கல்லப் போட்ருவோம்னு. ஆட்டுனேன். எத்தினியோ வண்டி வந்துச்சி. ஒதுங்கிப் போய்கினே இருந்துச்சி. நீங்க ஒருத்தர்தான் வரேன்னு சொன்னீங்க. அத்தப் புட்சிகினுதாம்மா நான் கண்ண மூடாம கெடந்தேன்."

என் கணவர் கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கைய ஆட்டச் சொன்னானுங்களா?" என்று கேட்டார்.

"ஆமா நைனா."

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். "பல்கீசு, அன்னிக்கு என்கிட்ட தண்ணி கேட்டான் பாரு... அவனும் இப்டி அடிபட்டவனா இருந்திருப்பானோ? அவன் நடிக்கலியோ?"

எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் அவருக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று உடைந்துவிட்டது. சின்னப் பிள்ளை போல அழுதார். "அவனுக்குத் தண்ணி குடுக்காமலே விழுந்துட்டேனே" என்று அழுதார். தன்னை அடித்ததற்கு இல்லை, அதற்கு அழுதார். அன்றைக்குச் சாயங்காலம் மஃரிப் பாங்கு சொன்னபோது, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்ய ஒரு கையால் முடியாமல் தடுமாறினார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

நான் அல்லாஹ்விடம் பாதுகாப்பைக் கேட்டேன். கொடுத்தான். மனசைக் கேட்டேன். என் கணவரையே திருப்பிக் கொடுத்தான்.

சகோதரிகளே, ராத்திரியில் வண்டி ஓட்டும் உங்கள் கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். ரோட்டில் யாராவது கிடந்தால் தனியாக இறங்க வேண்டாம். தள்ளியே வேகத்தைக் குறைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நிற்காமல் தாண்டி, ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்குப் போங்கள். ஆனால் போன் போடாமல், ஆட்களைத் திரட்டாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். நின்றால் ஆபத்து, போனால் பாவம் என்று தோன்றும்போது துஆ கேளுங்கள். நமக்குத் தெரியாத இன்னொரு வழி அவனுக்குத் தெரியும். நான் பார்த்தேன்.

இப்போதும் அதே ரோட்டில்தான் ஓட்டுகிறேன். அந்தப் புதரைத் தாண்டும்போது உள்ளே இருந்தவர்களுக்காகவும் துஆ கேட்கப் பார்க்கிறேன். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே! ஆனால் அது இன்னும் எனக்கு முழு மனசோடு வரவில்லை. பாதியில் நாக்கு நின்றுவிடுகிறது. நீங்களும் என்னோடு சேர்ந்து கேளுங்கள். ஆமீன்.