சுங்குவார்சத்திரத்தில் துர்கை புகுந்த வீடு கிளம்பிய நாள்

கொலு வைத்திருக்கும் வீட்டுக்காரி விஜயதசமியன்று ஊருக்குக் கிளம்பினால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் வந்தது. "சாயங்காலம் பொம்மையப் படுக்க வைக்கணுமே, யாரு வைப்பா?" என்றார் என் கணவர். "ஒரு மரப்பாச்சியப் படுக்க வைக்க நீங்க போதாதா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

காரணம் மௌசுமி. மாங்காட்டில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருடம் குடியிருந்த வங்காளப் பெண். அவள் கணவர் தபனுக்கு ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அலைச்சல் தாங்காமல் போன தை மாதம் சுங்குவார்சத்திரம் பக்கம் குடிபோனார்கள். என்னை 'மாசிமா' என்பாள். அவர்கள் ஊரில் சித்தி, பெரியம்மாவுக்கு அதுதான் அழைப்பு. இந்த வருடம் வங்காளத்துப் பையன்கள் சேர்ந்து முதல்முறையாக அங்கே துர்கா பூஜை நடத்துவதாகவும், தசமிக்கு நான் கட்டாயம் வரவேண்டும் என்றும் போன் செய்தாள். ஏன் தசமிக்கு என்றால், "வாங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

காலை 9.10-க்கு மாங்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு நகரப் பேருந்து. நமக்கு இலவசம். பூந்தமல்லியில் காஞ்சிபுரம் வண்டி பிடித்தால் சுங்குவார்சத்திரத்துக்கு 32 ரூபாய், சுமார் 30 கிலோமீட்டர். ஆயுத பூஜைக்கு மறுநாள் என்பதால் பேருந்தின் முகப்பில் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்கச் சந்தனம், ஓட்டுநருக்கு ஒரு சாண் அகலத்துக்குத்தான் சாலை தெரிந்திருக்கும். அம்பாளை நினைத்துக்கொண்டு இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நீங்களும் அந்தப் பக்கமே உட்காருங்கள், செம்பரம்பாக்கம் ஏரி சிறிது தூரம் கூடவே வரும்.

சுங்குவார்சத்திரத்தில் இறங்கி வெற்றிலை, பூ, தேங்காய் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். உள்ளே மூன்று கிலோமீட்டர், 20 ரூபாய். பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் கேட்டார்.

"கல்யாணமா மா? மண்டபம் எதுவும் இல்லியே அந்தாண்ட."

"இல்லப்பா, வடநாட்டுப் பசங்க அம்மன் வச்சிருக்காங்களாமே."

"ஆமாமா, அத்தான! நாலு நாளா மேளம் அடிச்சிகினு கீறானுங்க. நம்ம பசங்க கூட போயி ஆடறானுங்க. நல்லாத்தான் கீது."

வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட லைன் வீடுகள். அதன் பக்கத்துக் காலி மனையில் பந்தல். நான் பார்த்த பந்தல்களிலேயே இதுதான் விசித்திரம். மேடை முழுக்கத் தொழிற்சாலையில் சரக்கு அடுக்கும் மரப்பலகைகள். கோபுரம் அட்டைப்பெட்டியிலும் தெர்மாகோலிலும் அறுத்தது. போன் கம்பெனியில் போன்களை அடுக்கி வரும் பிளாஸ்டிக் தட்டுகளைப் பூவிதழாக வெட்டி, சிவப்புச் சாயம் பூசித் தோரணம் கட்டியிருந்தார்கள். குப்பைக்குப் போகவேண்டியதெல்லாம் அம்பாளுக்குக் கோயிலாக நின்றதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

துர்கை மூன்றரை அடி. சென்னையில் நம் ஊர்க் கைவினைஞர் செய்த சிலை என்பதால் முகம் அப்படியே மாரியம்மன். கண்ணை மட்டும் பையன்கள் நீட்டித் திருத்தி எழுதியிருந்தார்கள். இந்தப் பக்கம் லட்சுமி, சரஸ்வதி. அந்தப் பக்கம் முருகன், பிள்ளையார். பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்கன்று, வெள்ளைப் புடவை கட்டி, முக்காடு போட்டு, தலை குனிந்து நின்றது.

"இது யாருடி?"

"கோலா பௌ, மாசிமா. வாழைப் பொண்டாட்டி. கணேஷோட வைஃப்."

"பிள்ளையாருக்கா? எங்க ஊர்ல அவர் இன்னும் அம்மா மாதிரி பொண்ணு தேடி ஆத்தங்கரையில உக்காந்திருக்காரே!"

"எங்க ஊர்ல பாத்து முடிச்சாச்சு," என்று சிரித்தாள். ஒன்பது வகைச் செடிகளைச் சேர்த்துக் கட்டி, ஏழாம் நாள் விடியலில் ஏரியில் நீராட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். ஒன்பதும் சேர்ந்து அம்பாளேதான், ஜனங்கள்தான் மருமகளாக்கிவிட்டார்கள் என்று தபன் பிறகு விளக்கினார்.

மௌசுமியே சிவப்புக்கரை போட்ட வெள்ளைப் புடவையில்தான் நின்றாள். நல்ல நாளும் அதுவுமாக வெள்ளை கட்டிய பெண்ணைப் பார்த்ததும் நெற்றியில் குங்குமம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். அவர்களுக்கு அதுதான் மங்கலப் புடவையாம்.

பதினொன்றரை மணிக்குப் பிரசாதம். அரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் சேர்ந்த கிச்சடி. நம் வெண்பொங்கலுக்குக் கொஞ்சம் மஞ்சளும் காய்கறியும் காரமும் கற்றுக்கொடுத்தது போல இருந்தது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அம்மனுக்குப் படைத்தது சுத்த சைவம். ஆனால் பந்தலுக்குப் பின்னால் ஓர் அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. நல்ல நாளில் மீன் சாப்பிடாமல் இருப்பதுதான் அவர்களுக்கு அபசகுனம்! நான் காற்றின் திசை பார்த்து இடம் மாறி உட்கார்ந்தேன்.

சாப்பிடும்போதுதான் மௌசுமி விஷயத்தைச் சொன்னாள். துர்கை அவர்களுக்குப் பிறந்த வீடு வந்த பெண். கைலாயத்திலிருந்து பிள்ளைகளோடு வந்து, நான்கு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, தசமியன்று புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். சிலையைத் தூக்குவதற்கு முன் கல்யாணமான பெண்கள் ஒவ்வொருவராக ஏறி, வெற்றிலையால் அவள் முகத்தைத் துடைத்து, குங்குமம் வைத்து, வாயில் இனிப்பு ஊட்டி, காதோடு 'திரும்பி வா' என்று சொல்லவேண்டும். மௌசுமியின் ஊர் வழக்கப்படி குறைந்தது ஐந்து பேர்.

இங்கே பூஜை போட்டவர்கள் அறுபது பேர். அத்தனை பேரும் ஆம்பிளைப் பையன்கள்! ஒரு அறையில் ஆறு பேர் என்று தங்கியிருப்பவர்கள். குடும்பமாக இருந்த இரண்டு வீட்டுப் பெண்களும், வருகிறேன் என்று சொல்லியிருந்தும், டிக்கெட் கிடைத்ததும் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். மிச்சம் மௌசுமி ஒருத்தி. சிலை கொண்டுபோகும் குட்டி யானை வண்டி நாலரைக்கு வரும். ஆறு மணிக்குள் ஏரியில் கரைத்தாகவேண்டும், அப்படித்தான் அனுமதி.

"பசங்க சொல்றாங்க, பரவால்ல தீதி, தூக்கிடலாம்னு. நான் விடல." தட்டைக் கீழே வைத்தாள். "என் கல்யாணம் வீட்டுக்குப் பிடிக்கல மாசிமா. நான் ரயில் ஏறும்போது ஸ்டேஷனுக்கு யாரும் வரல. ஒரு வாய் ஸ்வீட் யாரும் தரல. இவளையும் அப்படி அனுப்ப மாட்டேன்."

நானும் தட்டைக் கீழே வைத்தேன். "நான் ஒருத்தி ஆச்சு. இன்னும் மூணுதானே? கிளம்பு," என்றேன்.

தெருவில் முதல் வீட்டில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "குழு லோனா? வோணாம்மா, ஏற்கெனவே மூணு குழுல கீறேன்," என்று உள்ளே போய்விட்டாள். இரண்டாவது வீட்டில், "எலக்சன் லிஸ்டா?" என்றார்கள். என் கைப்பையும் பட்டுப்புடவையும் செய்த வேலை.

"இப்டி போனீன்னா எவளும் வரமாட்டா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். கஸ்தூரி அக்கா. அந்தப் பையன்களில் பாதிப் பேர் அவர் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார்கள். மௌசுமி விஷயத்தைச் சொன்னதும் அவர் நடுத்தெருவில் நின்று குரல் விட்டார்.

"ஏ எஸ்தரு! அமுதா! லச்சுமி! கைவேலைய வுட்டுட்டு வாங்கடி. நம்ம மௌசுமி வூட்டு அம்மனுக்கு ஆள் பத்தலையாம்!"

எஸ்தர் ஈரக்கையோடு வந்தாள். "எக்கா, நான் சர்ச்சுக்குப் போறவ. என்னிய சேப்பாங்களா?"

"சிஸ்டர், கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டாள் மௌசுமி.

"ஆயி பதினோரு வருசமாவுது. அவன் குடிக்காதப்ப நல்லவன்தான்."

"அப்போ போதும்."

மூன்றரை மணிக்கு மேடையடியில் நாங்கள் ஐந்து பேர். பையன்கள் மேளத்தில் குச்சியைப் போட்டார்கள். பெரிய பீப்பாய் போன்ற மேளம், ஒரு நுனியில் வெள்ளை இறகுகள் ஆடும். பேர் டாக். மௌசுமி நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். நம் குலவையேதான். அமுதா சும்மா இருப்பாளா? பதிலுக்கு அவள் போட்டதில் மேளக்காரப் பையனே ஒரு தாளம் விட்டுவிட்டான்.

முதலில் மௌசுமி, அப்புறம் நான். விளக்கில் வாட்டிய வெற்றிலையால் அம்பாளின் கன்னத்தைத் தொட்டுத் துடைத்தேன். நாற்பது வருடமாகக் கும்பிட்டிருக்கிறேன், முகம் துடைத்துவிட்டதில்லை. இனிப்பைச் சிங்கத்துக்கும் கொடுக்கவேண்டும், அசுரனுக்கும் கொடுக்கவேண்டும். "இவனுக்கு எதுக்குக்கா? சாவறவனுக்கு ஸ்வீட்டா?" என்றாள் எஸ்தர். "அவனும் கூடத்தானே போறான். வழியில பசிக்கும்," என்றாள் மௌசுமி. எஸ்தர் அசுரன் வாயில் தேங்காய் உருண்டையை வைத்துவிட்டு, "தின்னுட்டுத் திருந்துடா," என்றாள். பந்தலே சிரித்தது.

நான்காவதாக அமுதா இறங்கினாள். லட்சுமி படியில் காலை வைத்தாள், வெளியே ஹாரன் கேட்டது. செகண்ட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி வண்டி. "ஐயோ, வண்டி சீக்கிரம் வந்துட்டான்! வுட்டா அரை நாள் சம்பளம் போயிடும்," என்று தட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அவள் மேல் தப்பில்லை.

மணி நாலேகால். குட்டி யானை வந்து பின்பக்கமாகப் பந்தலை நெருங்கிவிட்டது. தெருவில் பூட்டிய வீடுகள்தான் மிச்சம். மௌசுமி பந்தல் வாசலைப் பார்த்தாள். அங்கே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்றார் கஸ்தூரி அக்கா. எல்லோரையும் கூட்டிவந்தவர் உள்ளே ஓர் அடி வைக்கவில்லை.

"அக்கா, நீங்க வாங்க."

"ஏய், சும்மா இரு. நா எதுக்கு? அவரு போயி ஏழு வருசமாச்சு. ஊர்ல வளையல் போடற வூட்டுக்கே போறதில்ல நானு. தள்ளு, எவளையாச்சும் இட்டாறேன்."

நம் வீடுகளிலும் வழக்கம் அதுதானே. தபன் பூசாரியைப் பார்த்தார். பூசாரி ஒரு வாகனக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்பவர், கையில் வாட்ச்சோடு பஞ்சகச்சம் கட்டியிருந்தார். அவர் வங்க மொழியில் சொன்னதைத் தபன் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "இது பொம்பளைங்க சடங்காம். இதுல அவருக்கு மந்திரமும் இல்ல, பேச்சும் இல்லயாம். மௌசுமியக் கேக்கச் சொல்றாரு."

மௌசுமி இறங்கி வாசலுக்குப் போனாள். "அக்கா, குங்குமம் வைக்க வேணாம். உங்களுக்கு வேணாம்னா வேணாம். ஆனா பொண்ணு கிளம்பறா. அம்மா வீட்லருந்து கிளம்பறா. இங்க அம்மா யாரு? இந்தப் பசங்களுக்குச் சோறு போடறது யாரு? நீங்க ஊட்டாம அவ எப்படிப் போவா?"

கஸ்தூரி அக்கா மூங்கிலை விட்டார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்தார். "ஊட்டறதுதான? தெனம் முப்பது பேருக்குப் போடறேன். இன்னும் ஒருத்திக்குப் போட்டா கொறஞ்சா போயிடுவேன்?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார்.

வெற்றிலையால் துடைத்தார். பிள்ளைக்கு மூக்கு துடைப்பது போல அழுத்தித் துடைத்தார். சந்தேஷ் என்று பாலைத் திரியவைத்துச் செய்த இனிப்பை அம்பாள் வாயில் வைத்தார். காதருகில் குனிந்து மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார். ஆனால் அவர் குரல் மெஸ் குரல், எல்லோருக்கும் கேட்டது.

"பத்திரமா போயிட்டு வா கண்ணு. அங்க எதுனா ஒண்ணுன்னா அடக்கிகினு கெடக்காத, கெளம்பி வந்துடு. வூடு கீது."

மேளம் அடித்துக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டான். மௌசுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கஸ்தூரி அக்கா திரும்பினார். கையில் பாதி சந்தேஷ் மிச்சம் இருந்தது. அதை அப்படியே மௌசுமியின் வாயில் திணித்தார்.

"உனக்குந்தான்டி சொன்னேன். தின்னு."

அதற்குப் பிறகு குங்குமம் பறந்தது. நான், அமுதா, எஸ்தர், மௌசுமி, ஒருவருக்கொருவர் கன்னத்தில், நெற்றியில், வகிட்டில். எஸ்தர் தனக்கு வேண்டாம் என்றுவிட்டு எங்களுக்கு மட்டும் தாராளமாகப் பூசினாள். நாலே முக்காலுக்கு வண்டி நகர்ந்தது. ஐந்து ஐம்பதுக்குத் துர்கை தண்ணீரில் இறங்கினாள். கரையில் நின்ற கஸ்தூரி அக்கா கடைசிவரை கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். புரட்டாசி, ஐப்பசியில் நவராத்திரி வருகிற நாட்களில் ஏழாம் நாள் முதல் தசமி வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். கூட்டத்தைப் பார்க்க எட்டாம் நாள், மனசுக்குத் தசமி. அந்தப் பக்கத்தில் எந்தப் பந்தலானாலும் சுங்குவார்சத்திரம் நிறுத்தத்து டீக்கடையில் கேட்டால் வழி சொல்வார்கள். பட்டுப்புடவை வேண்டவே வேண்டாம். அந்தக் குங்குமம் போகாது, சலவைக்காரர் எனக்குக் கையை விரித்துவிட்டார். கழிப்பறைக்கு மௌசுமி மாதிரி தெரிந்த வீடு இல்லையென்றால் பூந்தமல்லியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பெண்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். எனக்கு ஆன செலவு: பேருந்து போகவர 64, ஆட்டோ 40, பூ வெற்றிலை தேங்காய் 120, உண்டியல் 101, டீ 24. ஆக 349 ரூபாய். புடவை தனிக் கணக்கு.

கல்யாணமான பெண்ணாக இருந்தால் மூன்று மணிக்கே போய் நில்லுங்கள், ஆள் தேவைப்படும். கல்யாணம் ஆகாதவர்களும், துணையை இழந்தவர்களும் போய் நில்லுங்கள். அந்தப் பந்தலில் இனி வரிசையில் முதல் ஆள் கஸ்தூரி அக்கா என்று அன்றைக்கே ஏரிக்கரையில் முடிவாகிவிட்டது. சொன்னது மௌசுமி. "அப்பன்னா சந்தேஷுல சக்கர கொஞ்சம் கொறச்சிக்கோ," என்று கஸ்தூரி அக்கா ஒப்புக்கொண்டார்.