இரண்டு பச்சைக் கோல்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுற்றுப்பயணிகளுக்காக ஓடும் பழைய குட்டி ரயிலுக்கு ஒரே தண்டவாளம்தான். எதிரெதிரே இரண்டு வண்டிகள் மோதாமலிருக்க, இருக்கும் ஒரே பச்சைக் கோலைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வண்டியை எடுக்கலாம். ரயிலை நடத்துவது யார் என்று இரண்டு கம்பெனிகளுக்குள் வழக்கு வந்ததும், பழைய கம்பெனி கோலைத் தர மறுத்தது. புதிய கம்பெனி தானே ஒன்று செய்துகொண்டது.

என் மகள் புதிய கம்பெனியில் டிக்கெட் பார்க்கிறாள். அன்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கீழ் ஸ்டேஷனில் பழைய கம்பெனி டிரைவர் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

“தம்பி, மேலேருந்து வண்டி வருது. எம்மவ அதுலதான் இருக்கா.”

“கோல் எங்கிட்ட இருக்குக்கா. எப்படி வரும்?”

“அவங்க வேற ஒண்ணு செஞ்சிட்டாங்க லா.”

“கோல் என்ன கடை ரொட்டி சானாயா, ஆளுக்கொண்ணு சுட்டுப் போட?” என்று சிரித்தார்.

அப்போது பனிமூட்டத்துக்குள் விசில் கேட்டது. அவர் சிரிப்பு நின்றது, எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்த வண்டி எங்களுக்குப் பத்தடி தள்ளி நின்றது.

மகள் இறங்கி வந்து சாப்பாட்டை வாங்கிக்கொண்டாள். “இன்னைக்கு என்னம்மா குழம்பு?” என்றாள்.

டிரைவர் தன் கோலை என்னிடம் நீட்டினார். “நீங்களே வச்சிக்குங்கக்கா. எங்கிட்ட இருந்தா கம்பெனியில நாளைக்கும் வண்டியை எடுக்கச் சொல்வாங்க.”

அது இப்போது எங்கள் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. யார் கேட்டாலும் தரமாட்டேன். ஆனால் இன்னொன்று செய்ய ஒரு மரத்துண்டும் கொஞ்சம் பச்சைப் பெயிண்டும் போதும். மேலே விசில் கேட்கும் போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறேன்.