வரி பூஜ்யம், சொல் ஒன்பது

ஹெட்போன்காரர் என்றுதான் அந்தக் குடியிருப்பில் அவருக்குப் பெயர். வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிற மனிதர். காதில் மாட்டிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அடுத்த அறையில் ஒரு பதிப்பகத்துக்காகத் தட்டச்சு செய்துகொண்டிருந்த மனைவி, கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம் என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். இருவர் கணினிக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். அவள் அடித்த அத்தியாயங்களும் அதில்தான் கிடக்கும். சாப்பிடக் கூப்பிடுவதானாலும் கடைக்குப் போகச் சொல்வதானாலும் அதிலேயே ஒரு குட்டிக் கோப்பைப் போடுவாள். அவர் திரையில் மணி அடிக்கும். இப்படியும் ஒரு குடித்தனமா என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒருநாள் மனைவி மேசையிலேயே சாய்ந்து போய்விட்டாள். மதியம் ஒரு மணிக்கு அவர் எட்டிப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

"ஒரு நொடியில போயிருக்கும்மா. கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது," என்று மகளிடம் சொன்னார். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். வேலை கெடுகிறதென்று அன்று காலை அந்த மணியை அணைத்துவைத்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அடுத்த அறையில் விசைப்பலகைச் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஹெட்போனை மாட்டினால் அதற்குள்ளும் கேட்கிறது. அந்த ஃபோல்டரைத் திறக்க அவருக்குக் கை வரவே இல்லை.

போன வாரம் பதிப்பகத்தார், பாதியில் நின்ற புத்தகம் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று கேட்டார்கள். மனிதர் அதற்கும் ஒரு வழி பார்த்தார். தான் படிக்க வேண்டாம், ஒரு புரோகிராம் படிக்கட்டும். கறுப்புத் திரையில் ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை வரி, எத்தனை சொல், எத்தனை எழுத்து, கடைசியாகச் சேமித்தது எப்போது என்று அது சொல்லிவிடும். காலை வேலையோடு வேலையாக எழுதி முடித்து ஓட்டினார். அத்தியாயங்கள் வரிசையாக வந்தன. கடைசியில் ஒன்று: வரி பூஜ்யம், சொல் ஒன்பது.

சொல் இருந்தால் வரி எப்படி இல்லாமல் போகும்? புரோகிராமில்தான் கோளாறு என்று நினைத்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது. தேடியதில் கோளாறு சிக்கியது. அவர் எண்ணியது வரிகளை அல்ல, என்டர் தட்டியதை. மற்ற கோப்புகளில் அது தெரியவில்லை. ஒரே ஒரு சொல் எழுதினாலும் முடிவில் என்டர் தட்டாமல் விடமாட்டாள் அவள். இதில் தட்டவில்லை. சேமித்த நேரத்தைப் பார்த்தார். அவள் போன அதே நாள், காலை பதினொன்று இருபது.

புரோகிராமைத் திருத்தினால் போதும், கோப்பைத் திறக்கவே வேண்டியதில்லை. பதிப்பகத்துக்கும் அது தேவையில்லை. அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்தது. பிறகு திறந்தார்.

'நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. அவசரமில்ல, கையிலிருக்கிற வேலைய முடிச்சிட்டு வாங்க'

மகளுக்குப் போன் போட்டார். சாப்பிட்டீங்களாப்பா என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"அம்மா கூப்பிட்டிருக்காம்மா," என்றார். "நான்தான் போகல."