மஸாஹிர் நானாவின் இரண்டு போத்தல்கள்

எங்கள் ஆடைத் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி வருகிற ஐந்து பஸ்களில் தண்ணீரூற்றுப் பக்கத்து பஸ்ஸை ஓட்டுகிறவர் மஸாஹிர் நானா. காலை ஐந்தேகாலுக்குப் புறப்பட்டு முள்ளியவளை, புதுக்குடியிருப்பு, விசுவமடு என்று நின்று நின்று வந்து, தர்மபுரம் தாண்டி ஆறரைக்குத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். நாங்கள் நாற்பத்திரண்டு பேர். முக்கால்வாசிப் பேர் பெண்கள். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்தான்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு தண்ணீரூற்றை விட்டுப் புத்தளத்துக்குப் போனவர். அங்கே உப்பு ஏற்றும் லொறியில் ஓட்டம் பழகினார். போர் முடிந்து இரண்டு வருடத்தில் மனைவி ஜொஹறாவோடு திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு டிப்பர் ஓட்டினார். எங்கள் பஸ்ஸை எடுத்து ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அவர் அடித்ததில்லை.

கதை பேசுவது மட்டும் கூடுதல். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரசியல், மழை, மீன் விலை எல்லாம் சொல்லுவார். அதில் அவருக்கு மிகவும் பிடித்தது வைத்தியம். யாராவது தும்மினால் போதும்.

“மல்லித்தண்ணி குடிங்கோ பிள்ளை. நான் பிறந்த நாளிலையிருந்து ஒரு குளிசை விழுங்கினதில்லை. இங்கிலிஷ் மருந்து எண்டால் என்னெண்டே தெரியாது.”

இதை வாரத்தில் இரண்டு தடவையாவது கேட்போம்.

இந்த வருடம் பங்குனி மாதத்தில் தொழிற்சாலையில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். பஸ் சாரதிகள், கொதிகலன் இயக்குபவர்கள், துணி வெட்டும் இயந்திரத்தில் நிற்பவர்கள் எல்லோருக்கும் போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை. ஐஸ் என்ற சாமான் ஊருக்குள் வந்துவிட்டதென்று பெற்றோர் எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். பஸ்ஸில் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு அறிவித்தல் பிடித்திருந்தது. சாரதிகளுக்குப் பிடிக்கவில்லை. தங்களைக் கள்ளர்போல நடத்துகிறார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அவர்களைக் கன்ரீனில் கூட்டிவைத்து விளக்கம் சொன்னது எங்கள் தாதி சுதாஜினி. மல்லாவிப் பிள்ளை. மெல்லிய உருவம், ஆனால் சொன்ன சொல்லில் நிற்பா.

“உங்கடை சம்மதம் எழுத்திலை இல்லாமல் நான் ஒண்டும் எடுக்கமாட்டன். உள்ளை நீங்கள் தனியத்தான் போவீங்கள், ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம். உங்கடை கண்ணுக்கு முன்னாலை ரெண்டு போத்தலிலை ஊத்தி சீல் வைப்பன், சீலிலை நீங்கள்தான் கையெழுத்துப் போடவேணும். ஒண்டு கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போகும். மற்றது இஞ்சை பூட்டின பிரிஜ்ஜுக்கை இருக்கும். கொழும்பு முடிவு பிழையெண்டு நினைச்சால் ரெண்டாவதை வேறை இடத்திலை சோதிக்கச் சொல்லிக் கேக்கலாம். இஞ்சை நான் கடதாசிக் கீற்றை நனைச்சுப் பாக்கிற சோதனை கடைசி முடிவில்லை. அதை வைச்சு ஒருத்தரையும் வேலையாலை நிப்பாட்டேலாது.”

“முடிவு ஆருக்குத் தெரியும்?” என்று மஸாஹிர் நானா கேட்டார்.

“உங்களுக்கு, எனக்கு, முடிவைச் சரிபாக்கிற டொக்டருக்கு. சரிபார்த்து முடியிறவரைக்கும் மனேஜருக்கும் இல்லை.”

செவ்வாய்க்கிழமை சோதனை. படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: கடந்த பதினான்கு நாட்களில் ஏதாவது மருந்து எடுத்தீர்களா? பக்கத்தில் போக்குவரத்துப் பொறுப்பாளர் கிருசாந்தனும் மற்றச் சாரதிகளும் நின்றார்கள். நானா பேனையை எடுத்து “இல்லை” என்று பெரிதாக எழுதினார். எழுதிவிட்டு எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார்.

அதன் பிறகு வந்ததுதான் வில்லங்கம். மலசலகூடக் குழிக்குள் நீலச் சாயம் போட்டிருந்தார்கள், யாரும் அந்தத் தண்ணீரை அள்ளிக் கிண்ணத்தில் ஊற்றாமலிருக்க. நானா உள்ளே போய்ப் பத்து நிமிடம் நின்றார். வெறுங்கிண்ணத்தோடு வந்தார்.

“வரமாட்டன் எண்டுது மிஸ்.”

“பரவாயில்லை நானா. மூண்டு மணித்தியாலம் தரலாம். தண்ணி குடியுங்கோ, ஆனால் ஒரு லீற்றருக்கு மேலை வேண்டாம்.”

குடித்தார். நடந்தார். மதிலைச் சுற்றி நடந்தார். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். கிருசாந்தனுக்குப் பொறுமை போய்விட்டது. “நான் உள்ளை போய் நிண்டு பாக்கட்டோ? மனுசன் என்னவோ சுத்துறார்” என்றார்.

“நீங்கள் உள்ளை போனால் இண்டைக்கு எடுத்த சோதனை எல்லாம் செல்லாது. வெளியிலை கதிரை போட்டிருக்கு, இருங்கோ” என்றா சுதாஜினி.

இரண்டே முக்கால் மணித்தியாலம் கழித்து நானா கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தபோது வெட்டும் பிரிவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சூடு பார்த்து, இரண்டு போத்தலில் ஊற்றி, சீல் வைத்து, கையெழுத்து வாங்கி, எல்லாம் முறைப்படி முடிந்தது.

இதற்கு மேல் நடந்தது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. பிறகு அவரே சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

சுதாஜினி கதவைச் சாத்திவிட்டுக் கீற்றைப் பார்த்தா. ஒரு கோடு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. அபின் வகைக்கான இடம் அது; அந்த வகை கலந்திருந்தால்தான் கோடு வராது.

“நானா, இது முடிவில்லை. ஆனால் கொழும்புக்குப் போகவேணும். யோசிச்சுச் சொல்லுங்கோ. ஏதும் குளிசை, இருமலுக்குப் பாணி, ஒண்டும் எடுக்கேல்லையோ?”

நானா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். “இல்லை மிஸ்” என்றார்.

பொய். முந்தின சனிக்கிழமை ஒரு கலியாணத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு உதவியாளரோடு மல்லாவிக்குப் போயிருந்தார். ஆறு மாதமாகக் கராம்பை வைத்துச் சமாளித்துவந்த கடைவாய்ப் பல் அன்றைக்கு அவரைக் கொன்றது. மணப்பெண் வீட்டில் சாப்பாடு நடக்கும்போது மெல்ல நழுவி, யாரும் தன்னை அறியாத அந்த ஊரில், ஒரு தனியார் பல் வைத்தியரிடம் போய் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அவர் நோவுக்குப் பலமான குளிசை கொடுத்தார். திங்கட்கிழமை காலைவரை நானா அதை ஒளித்து ஒளித்து விழுங்கினார். ஜொஹறாவுக்குக்கூடச் சொல்லவில்லை. டொக்டரிடம் போங்கோ என்று அவா ஆறு மாதமாகச் சொன்னபோதெல்லாம் சிரித்து மழுப்பியவர், இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

பல்லுக் குளிசைக்கும் போதைப்பொருளுக்கும் என்ன உறவென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் எழுத்தில் “இல்லை” என்று போட்டாயிற்று. இனி மாற்றிச் சொன்னால் பொய்க்காரன் என்று வேலையைப் பறிப்பார்கள் என்று நினைத்தார்.

விதிமுறைப்படி, முடிவு வரும்வரை அவர் பஸ் ஓட்டக்கூடாது, ஆனால் சம்பளம் குறையாது. அவரைக் களஞ்சியத்தில் நூல் பெட்டிகள் எண்ணும் வேலைக்குப் போட்டார்கள். எங்கள் பஸ்ஸை தர்ஷன் என்ற மாற்றுச் சாரதி ஓட்டினார். நல்ல பிள்ளை, ஆனால் வாயே திறக்கமாட்டார். பின்சீற்றில் நானா எங்களைப்போல ஒரு பயணியாக உட்கார்ந்து வந்தார். முதுகு சுகமில்லை என்று சொன்னார். நாங்கள் நம்பினோம். ஒருத்தி அவருக்கு மல்லித்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், அதையும் வாங்கிக் குடித்தார்.

கிருசாந்தன் நம்பவில்லை. நேரே மருத்துவ அறைக்குப் போனார்.

“மிஸ், என்ரை சாரதி. எனக்குத் தெரியவேணும்தானே?”

“உங்களுக்குத் தெரியவேண்டியது, அவர் கொஞ்ச நாளைக்கு ஓட்டமாட்டார் எண்டது. அது தெரியும்.”

“அந்தப் படிவத்தை ஒருக்காக் காட்டுங்கோவன்.”

“அலுமாரிக்கை இருக்கு. திறப்பு என்ரை பொக்கற்றுக்கை இருக்கு. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?”

அவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார். போகும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாராம்.

வெள்ளிக்கிழமை வீட்டில் உடுப்புத் தோய்க்கும்போது ஜொஹறாவின் கையில் நானாவின் காற்சட்டைப் பையிலிருந்து வெறுமையான குளிசை அட்டை ஒன்று வந்தது. கிணற்றடியில் இருந்தே கூப்பிட்டா.

“இஞ்சை வாங்கோ. இதென்ன?”

நானா வந்து பார்த்தார். பொய் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் அவா பார்த்துவிட்டா.

“பல்லு எங்கை?”

எல்லாவற்றையும் சொன்னார். பல், குளிசை, படிவம், கீற்று, நூல் பெட்டி எல்லாம். ஜொஹறா சிரிக்கத் தொடங்கினா. இவர் கோபத்தோடு, “என்ரை வேலை போகப்போகுது, நீ சிரிக்கிறாய்” என்றார்.

“பல்லுப் புடுங்கினதை ஒளிக்க அபின் திண்டவன் எண்டு பேர் எடுக்கப் பாத்தீங்களே! நாளைக்கே மல்லாவிக்குப் போய் அந்த டொக்டரிட்டை எழுத்திலை ஒரு துண்டு வாங்குங்கோ. நானும் வாறன். நீங்கள் வழியிலை மனம் மாறுவீங்கள்.”

மறுநாள் இருவரும் மோட்டார் சைக்கிளில் மல்லாவிக்குப் போனார்கள். பல் வைத்தியரின் பதிவுக் கொப்பியில் எல்லாம் இருந்தது: திகதி, பெயர், எந்தப் பல், எந்த மருந்து. அந்தக் குளிசையில் பரசிற்றமோலோடு கொடீன் என்ற மருந்தும் சேர்ந்திருக்கிறது, அது அபின் வகைதான், சோதனையில் காட்டும் என்று அவரே விளக்கி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் துண்டு கொடுத்தார். “ஒரு கிழமைக்குள்ளை சோதனை இருந்தால் சொல்லுங்கோ எண்டு அட்டையிலையே எழுதித் தந்தனானே” என்றும் சொன்னார். நானா அந்த எழுத்தை வாசித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை சுதாஜினி முன்னால் நானா நின்ற நிலையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல என்று அவரே வர்ணிப்பார்.

“மிஸ், நான் பொய் எழுதிப்போட்டன். வேலையாலை நிப்பாட்டுவீங்களோ?”

சுதாஜினி துண்டை வாசித்தா. அதைப் படிவத்தோடு சேர்த்துக் குத்தினா.

“நானா, முடிவு உறுதியாகிறதுக்கு முந்தி எப்ப எண்டாலும் மருந்தைச் சொல்லலாம். அது விதி. அதுக்காகத்தான் டொக்டர் ஒருத்தர் இடையிலை இருக்கிறார். இவ்வளவு நாளும் ஏன் சொல்லாமல் இருந்தனீங்கள்?”

“வெக்கம் மிஸ்.”

மருத்துவர் தொலைபேசியில் அரை மணித்தியாலம் பேசினார். எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு, கடைசிக் குளிசை எப்போது என்று கேட்டார். குளிசை போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினீர்களா என்றும் கேட்டார். கலியாண வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸை உதவியாளர்தான் ஓட்டினார், ஞாயிறு வேலை இல்லை, திங்கள் காலையில் மட்டும் ஓட்டினேன் என்று நானா உண்மையைச் சொன்னார். திங்கட்கிழமைக்காக நன்றாக ஏச்சு வாங்கினார். நித்திரை வரும் மருந்து, நாற்பத்திரண்டு உயிர், இனி ஒருநாளும் அப்படிச் செய்யக்கூடாது என்றார் மருத்துவர். அந்த ஏச்சைச் சொல்லும்போது மட்டும் நானா சிரிப்பதில்லை.

புதன்கிழமை கொழும்பு முடிவு வந்தது. கொடீன் மட்டும்தான், பல் வைத்தியர் எழுதிய அளவுக்குப் பொருந்தியபடி. வேறொன்றும் இல்லை. படிவத்தில் மருத்துவர் “குற்றமில்லை” என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். இரண்டாவது போத்தலைத் திறக்கத் தேவை வரவில்லை.

சுதாஜினி அவரிடம் சொன்னா: “இது உங்களுக்கும் எனக்கும் டொக்டருக்கும் மட்டும். மனேஜருக்கு, நீங்கள் ஓட்டலாம் எண்டு மட்டும் போகும். ஒருத்தருக்கும் நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.”

வியாழக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு நானா மறுபடி ஸ்டியரிங்கில் இருந்தார். முள்ளியவளையில் நான் ஏறும்போதே கதை தொடங்கிவிட்டிருந்தது. புதுக்குடியிருப்புக்கு முன்னம் பல்லுக்கு வந்துவிட்டார். விசுவமட்டில் பஸ்ஸை நிறுத்தி, திரும்பி, வாயைத் திறந்து இடைவெளியைக் காட்டினார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுதாஜினி அவ்வளவு பாடுபட்டுப் பூட்டிவைத்த இரகசியம் தர்மபுரம் வருவதற்குள் நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

“அது அவரின்ரை கதை, அவர் சொல்லலாம்” என்று சுதாஜினி பிறகு எங்களிடம் சொன்னா. “நான் சொன்னால்தான் பிழை.”

அடுத்த மாதம் பரிசோதனைக் குழுவுக்குச் சாரதிகள் சார்பில் ஒருவரைத் தெரிவுசெய்யச் சொன்னபோது எல்லோரும் நானாவைக் காட்டினார்கள். முதல் கூட்டத்திலேயே அவர் இரண்டு கோரிக்கை வைத்தார். மருந்துக் கேள்வியை மற்றவர்கள் முன்னால் நிரப்பாமல் தாதியின் அறைக்குள் நிரப்பவேண்டும். பல்லு மருந்தும் மருந்துதான் என்று படிவத்தில் எழுதவேண்டும். இரண்டும் ஏற்கப்பட்டன.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் ஜொஹறா முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து ஒரு பெரிய சட்டி நிறைய வட்டிலப்பம் அவித்து, சுதாஜினிக்கென்று கொடுத்தனுப்பினா. நானா அதை மடியில் வைத்துக் காப்பதற்கு முன்சீற்றில் இருந்த என்னிடம் தந்தார். நான்தான் மருத்துவ அறைக்குக் கொண்டுபோனேன். சுதாஜினி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தா, கண்ணை மூடிக்கொண்டா.

“சோதனைக்கு வாறவையிட்டை நான் ஒண்டும் வாங்கக்கூடாது, அக்கா” என்றா.

“அப்ப திருப்பிக் கொண்டுபோகட்டோ?”

“ஐயோ, வேண்டாம். கன்ரீனிலை வையுங்கோ, எல்லாருக்கும். நானும் வரிசையிலை வாறன்.”

பத்து மணித் தேநீருக்கு வரிசை வெட்டும் பிரிவு வாசல்வரை நீண்டது. கிருசாந்தன் இரண்டாந்தரமும் வந்து நின்றதை நானா கண்டுபிடித்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். சட்டியின் அடியை வழித்து, கடைசித் துண்டை சுதாஜினியின் தட்டில் போட்டேன்.